சீக்காவின் 38: மிச்ச 49 பந்தில் என்ன நடந்தது?

கணக்கு வாத்தியார்:
காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு. "அதிரடித் தொடக்கத்தை உலகுக்கே சொல்லிக்கொடுத்தவர் நம்ம சீக்கா, அதாவது கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் வெஸ்ட் இண்டீஸைப் புரட்டி எடுத்த 38 ரன்னே சாட்சி. ஜெயசூர்யா, சேவாக் எல்லாம் நகல்." என் மச்சினர் அதற்கு ஏழு கைதட்டல் போட்டிருக்கிறார். அவரிடம் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன். அந்த 38 ரன்னுக்கு எத்தனை பந்து? 57. அதில் ஏழு ஃபோர், ஒரு சிக்ஸ். அதாவது எட்டு பந்தில் 34. மிச்ச 49 பந்தில் நாலே ரன். இது அதிரடியா, ஏகாதசி விரதமா?

டி ஸ்டாண்ட் தாத்தா:
வாத்தியாரே, மார்க் போடும் முன் கேள்வித்தாளைப் படியுங்கள். எதிரே ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். கவாஸ்கர் 2 ரன்னில் போய்விட்டார். அமர்நாத் 26 எடுக்க 80 பந்து. இந்தியா மொத்தமே 183. உதிரி 20. சீக்காவைத் தவிர மற்ற பத்துப் பேரும் சேர்ந்து மட்டையால் எடுத்தது 125, அதற்குச் சுமார் 270 பந்து. அவர் அவுட் ஆனபோது ஸ்கோர் 59. அதில் 38 அவருடையது. இரண்டு அணியிலும் அன்றைக்கு அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை. ராபர்ட்ஸ் பந்தை ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி ஸ்கொயரில் அடித்தாரே, அதைப் பார்த்தவனுக்கு 49 பந்துக் கணக்கு வராது.

கணக்கு வாத்தியார்:
அதிகபட்ச ரன் என்பதை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்டது 49 பந்தில் 4.

முல்தான்309:
அதே போட்டியில் சந்தீப் பாட்டீல் 29 பந்தில் 27. கபில் 8 பந்தில் 15. ரிச்சர்ட்ஸ் 28 பந்தில் 33. இவர்களை விட்டுவிட்டு 57 பந்து ஆடியவருக்கு மாலை போடுவது மெட்ராஸ் வழக்கம். சேப்பாக்கத்துக்காரர்களுக்கு அதிரடி என்றால் என்ன என்று 2008இல் சேவாக் அவர்கள் ஊருக்கே வந்து காட்டிவிட்டுப் போனார். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 304 பந்தில் 319.

டி ஸ்டாண்ட் தாத்தா:
அந்த 319ஐ மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் அந்த பிட்ச் தார் ரோடு. எதிரணியும் 500ஐத் தாண்டி அடித்தது. கபிலும் பாட்டீலும் ஓப்பனரா? புதுப்பந்தைப் பார்த்தார்களா? தையல் தேய்ந்த பழைய பந்தை யாரும் அடிக்கலாம், தம்பி.

மாத்தறை மச்சான்:
நான் கொழும்பில இருந்து எழுதுறன். நீங்கள் எல்லாம் என்ன கதைக்கிறீர்கள்? 1996 உலகக் கோப்பையில், டெல்லியில் இந்தியாவுக்கு எதிராக சனத் ஜெயசூர்யா 76 பந்தில் 79 அடித்ததை மறந்துவிட்டீர்களா? உங்கள் பிரபாகர் 4 ஓவரில் 47 கொடுத்தார், கடைசியில் தன் சொந்த ஊரில் சுழற்பந்து போட்டார். வேகப்பந்துக்காரரை சுழற்பந்து போட வைத்தால்தான் அதிரடி. சீக்கா யாரையாவது சுழல வைத்தாரா?

டி ஸ்டாண்ட் தாத்தா:
சீக்காவே சுழல் போட்டார், தெரியுமா? 1988இல் நியூசிலாந்துக்கு எதிராக விசாகப்பட்டினத்தில் 5 விக்கெட், இந்தூரில் இன்னொரு 5 விக்கெட். உங்கள் சனத் 1996 அரையிறுதியில் 1, இறுதியில் 9. பெரிய மேடையில் எங்கே போனார்?

மாத்தறை மச்சான்:
ஓம், கோப்பை எங்கே போனது என்றும் சொல்லுங்கோ. 2000 ஷார்ஜா இறுதிப் போட்டியையும் சொல்லுங்கோ. சனத் தனியாக 189. உங்கள் பதினொரு பேரும் சேர்ந்து 54.

முல்தான்309:
அதில் சேவாக் இல்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

மாத்தறை மச்சான்:
2011 உலகக் கோப்பை இறுதியில், வான்கடேயில் இருந்தார்தானே? மாலிங்கவின் இரண்டாவது பந்தோடு முடிந்தது. அதையும் பதிவுக்காகச் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார்:
நண்பர்களே, 49 பந்து.

காலரி கண்ணன்:
வாத்தியார் ஒரே ஸ்கோர்போர்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். 1985 மெல்போர்ன் இறுதிப் போட்டியை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்? பாகிஸ்தானுக்கு எதிராக சீக்கா 67, ஆட்ட நாயகனும் அவர்தான். தொடர் நாயகனுக்கான ஆடி கார் மட்டும் சாஸ்திரிக்குப் போனது. அடுத்த வருஷம் சிட்னி டெஸ்டில் ஏறத்தாழ பந்துக்கு ஒரு ரன்னாக 116. டெஸ்டில்!

கணக்கு வாத்தியார்:
ஃபார்வர்டு 1983 பற்றியது. நானும் 1983 பற்றித்தான் பேசுகிறேன். பெரிய கணக்கு வேண்டுமா? 43 டெஸ்ட், சராசரி 29.88. 146 ஒருநாள், சராசரி 29.01, ஸ்டிரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எடுக்கும் ரன், 71 சொச்சம். சேவாக் 104. ஜெயசூர்யா 91. 71 எடுத்துவிட்டு வகுப்பில் முதல் என்று சொன்னால் எப்படி?

டி ஸ்டாண்ட் தாத்தா:
கூட ஓப்பனிங் இறங்கிய கவாஸ்கரின் ஸ்டிரைக் ரேட் 62. எதிரணியில் உலகமே நடுங்கிய கிரீனிட்ஜ் 65ஐத் தொடவில்லை, ஹேன்ஸ் 63. அந்த வகுப்பில் 71 முதல் மார்க்தான், வாத்தியாரே. 1980களின் விடைத்தாளை 2008 பேனாவால் திருத்தாதீர்கள். 1975 உலகக் கோப்பையில் கவாஸ்கர் 174 பந்தில் 36 நாட் அவுட். 60 ஓவரும் நின்றார். அந்த வீட்டுக்குள்தான் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிகல் படித்த ஒரு பையன் 1981இல் நுழைந்து, மூக்கை உறிஞ்சி, சூரியனைப் பார்த்து, ஸ்கொயர் லெக் வரை ஒரு நடை போய் வந்து, அடுத்த பந்தைத் தூக்கினான். எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

முல்தான்309:
அந்த நடையால்தானே அறிமுக டெஸ்டிலேயே ரன் அவுட்? பந்தைத் தட்டிவிட்டு உலாத்தப் போனார், இங்கிலாந்தின் எம்புரி ஸ்டம்பில் எறிந்தார். கிண்டியில் கிரீஸ் பற்றிய பாடம் இல்லையோ?

டி ஸ்டாண்ட் தாத்தா:
கல்லூரியைப் பற்றிப் பேசும் தகுதி உங்களுக்கு உண்டா என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் மனசு நோகும்.

முல்தான்309:
கேட்டுவிட்டீர்களே! சரி, நானும் ஒன்று கேட்கிறேன். ராபர்ட்ஸை அடித்த ஷாட்டைப் "பார்த்தேன்" என்கிறீர்கள். போன தீபாவளிக்கு இங்கேயே வேறொரு விவாதத்தில் "அன்று எங்கள் வீட்டில் டிவி கிடையாது, ரேடியோவில் கேட்டேன்" என்று எழுதினீர்கள். எது உண்மை?

டி ஸ்டாண்ட் தாத்தா:
எங்கள் வீட்டில் டிவி கிடையாது என்றேன். எதிர்வீட்டில் கிடையாது என்றேனா? கருப்பு வெள்ளைப் பெட்டி, நாற்பது பேர், நான் ஜன்னல் கம்பியில். நடுவில் கரண்ட் போனது, அப்போது ரேடியோ. ஆக இரண்டும் உண்மை. ஒருவர் பழையதைத் தோண்டுகிறார் என்றாலே வாதம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

காலரி கண்ணன்:
தாத்தா, கரண்ட் போனது அந்த 49 பந்திலா? :)

டி ஸ்டாண்ட் தாத்தா:
நீங்கள் எந்தப் பக்கம்?

கணக்கு வாத்தியார்:
கண்ணன் நல்ல கேள்வி கேட்டார். பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

முல்தான்309:
பழையதைத் தோண்டுவது தப்பென்றால் இதையும் தோண்டிவிடுகிறேன். 2011 உலகக் கோப்பை அணியில் ரோஹித் சர்மாவை விட்டது யார் தலைமையிலான தேர்வுக் குழு? சீக்கா தலைமையிலானது. நான் மறக்கவில்லை.

டி ஸ்டாண்ட் தாத்தா:
அந்த அணிதான் கோப்பையை வென்றது. உங்கள் சேவாக்கும் அதில்தான் 175 அடித்தார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் வழக்கா? அந்த மனிதருக்கு என்ன நடந்தது தெரியுமா? 1989இல் கேப்டனாகப் பாகிஸ்தானுக்குப் போனார். இம்ரான், வாசிம், வக்கார். பதினாறு வயது டெண்டுல்கருக்கு அதுதான் முதல் தொடர். நான்கு டெஸ்டும் டிரா, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. திரும்பி வந்ததும் கேப்டன் பதவியும் போனது, அணியில் இடமும் போனது. பம்பாய்க்காரர் யாராவது அங்கே போய் நான்கு டிரா செய்திருந்தால் சிலையே வைத்திருப்பார்கள்.

கணக்கு வாத்தியார்:
அந்தத் தொடரில் அவர் எடுத்த ரன்களையும் சேர்த்து எழுதியிருந்தால் வழக்கு சீக்கிரம் முடிந்திருக்கும். போகட்டும். 49 பந்தில்...

டி ஸ்டாண்ட் தாத்தா:
நாலு ரன்! நாலு ரன்! படித்துவிட்டேன், ஐயா. கார்னர் பந்து நெஞ்சுக்கு வரும்போது டொக்கு வைத்தால் அது குற்றமா? அந்த 49ஐ அவர் தாங்கியதால்தான் மற்ற எட்டு கிடைத்தது.

கணக்கு வாத்தியார்:
ஆக டொக்கு வைத்தார் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

டி ஸ்டாண்ட் தாத்தா:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "வைத்தால்" என்றுதான் எழுதியிருக்கிறேன். தமிழ் வாத்தியாரைக் கேளுங்கள்.

மாத்தறை மச்சான்:
189 பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

டி ஸ்டாண்ட் தாத்தா:
சொல்கிறேன், எல்லோருக்கும் சொல்கிறேன். பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன். அதற்குள் இந்தப் பேச்சை யாரும் பூட்டிவிடாதீர்கள்.