அக்காவின் வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயரைச் சேர்க்கலாமா? அவசரம்

அவசரத்தம்பி
வணக்கம். அக்கா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருடைய வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயரையும் சேர்க்கப் படிவம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் அக்காவின் வாடகைப் பணம் நின்றுவிடும் என்று மாமா பயமுறுத்துகிறார். உண்மையா? உடனே சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை
தம்பி, இங்கிலாந்தா ஸ்காட்லாந்தா? கவுன்சில் வீடா தனியார் வீடா? வாடகைப் பகுதியும் சேர்ந்த மாதாந்தர அரசு உதவியான யூனிவர்சல் கிரெடிட்டா, வாடகைக்கு மட்டும் தரும் பழைய ஹவுசிங் பெனிஃபிட்டா? நீங்கள் இப்போதே அங்கே இருக்கிறீர்களா, இனித்தான் போகப் போகிறீர்களா? ‘வாடகைப் பணம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் நாங்கள் எதை வைத்துச் சொல்வது?

வெள்ளைப்புறா
கையெழுத்தே வைக்காதீர்கள்! சொந்தக்காரர்களுக்குள் ஒப்பந்தம் போட்டால் பணத்துக்காகப் போட்ட போலி ஒப்பந்தம் என்று பிடிப்பார்கள். என் நண்பர் ஒருவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

பூவரசு
சக்கர நாற்காலி என்றால் பி.ஐ.பி. என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை இருக்கும். பி.ஐ.பி. இருந்தால் எதையும் குறைக்க மாட்டார்கள். பயப்படாதீர்கள் தம்பி.

கணக்குப்பிள்ளை
இந்த மன்றத்தின் மேலே ஒட்டிவைத்த குறிப்பை வழக்கம்போல் யாரும் படிக்கவில்லை. எழுதியவன் நான்தான், ஆகவே வருத்தம் எனக்கு மட்டும்.

வெள்ளைப்புறா சொல்வது வேறு விடயம். வீட்டுக்காரரே நெருங்கிய உறவாக இருந்து, அவரும் அதே வீட்டில் வாழ்ந்தால் அந்த வாடகைக்குப் பணம் மறுக்கப்படும். இங்கே உறவுக்காரர் வாடகை வாங்கவில்லை, கூடக் கையெழுத்து வைக்கப் போகிறார். பூவரசு சொல்வது பாதி சரி. பி.ஐ.பி.யில் அன்றாட வாழ்க்கைப் பகுதி, நடமாட்டப் பகுதி என்று இரண்டு உண்டு. கூட இருப்பவருக்காக வாடகை உதவியில் கழிப்பதைத் தடுப்பது முதலாவது மட்டும். நடமாட்டப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியைக் காட்டிப் பயனில்லை.

தம்பி, தேம்ஸ்கரை கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு அவசரப்படுங்கள்.

அவசரத்தம்பி
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். லண்டன். கவுன்சில் வீடு, இரண்டு அறை, 2009 முதல் அக்கா பெயரில். யூனிவர்சல் கிரெடிட். பி.ஐ.பி. இரண்டு பகுதியும் உண்டு. வாடகை மாதம் 720 பவுண். ஓர் அறை கூடுதல் என்று கொஞ்சம் வெட்டுகிறார்கள். எனக்கு 29 வயது, முழுநேர வேலை. போன மாதம்தான் அக்காவுடன் வந்து சேர்ந்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தெருவில் நிற்கக்கூடாது என்று அவர்தான் படிவம் கேட்டு வாங்கினார்.

கணக்குப்பிள்ளை
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். ஒரு வீட்டில் வாழ்வது வேறு, அந்த வீட்டுக்குக் கையெழுத்து வைப்பது வேறு.

நீங்கள் வருவதற்கு முன்: ஓர் அறைக்கு 14 சதவீத வெட்டு. 720இல் 100.80 போக 619.20 கிடைத்திருக்கும்.

வெறுமனே கூட வாழ்ந்தால்: அந்த அறை உங்கள் கணக்கில் போகும், வெட்டு நீங்கும். 21 வயதோ அதற்கு மேலோ ஆனவர் கூட இருப்பதற்காக 2025-26 கணக்கில் மாதம் 93.02 பவுண் கழிப்பார்கள். ஆனால் அக்காவுக்கு அன்றாட வாழ்க்கைப் பகுதி இருப்பதால் அதுவும் இல்லை. முழு 720. உங்கள் சம்பளத்தை அக்காவின் கணக்கில் தொடமாட்டார்கள்.

கையெழுத்து வைத்தால்: வாடகையைக் கையெழுத்து வைத்தவர்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அக்காவுக்கு 360. மற்ற 360 உங்கள் சட்டைப்பையிலிருந்து. அந்தப் பங்கீடு நியாயமில்லை என்று காட்டினால் வேறு விதமாகப் பிரிக்க விதியில் இடம் உண்டு, ஆனால் அதை நம்பிப் பேனாவை எடுக்க வேண்டாம்.

மாமா சொன்னதுபோல் நிற்காது. பாதியாகும். பி.ஐ.பி. இரண்டு வழியிலும் அப்படியே இருக்கும்.

தேம்ஸ்கரை
ஒரு சேர்க்கை. அக்கா பழைய உதவித்தொகையிலிருந்து மாற்றப்பட்டவர் என்றால், மாதாந்தர அறிக்கையில் ஈடுகட்டும் தொகை என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாடகைப் பகுதி கூடும் அளவுக்கு அது தேயும். வெட்டு நீங்கியும் கைக்கு ஒன்றும் கூடவில்லையே என்று பிறகு குழம்ப வேண்டாம்.

பூவரசு
அப்படியானால் உழைக்கும் தம்பி ஒரு பவுணும் கொடுக்காமல் அக்காவின் உதவிப் பணத்தில் குடியிருப்பதா? இது என்ன நியாயம்?

மழைக்கோட்டு
அக்காவைத் தூக்கி இருத்துவதும் குளியலறைக்குக் கூட்டிப்போவதும் யார்? அதற்குக் கூலி கேட்டால் கொடுப்பீர்களா? குடும்பத்துக்குள் வாடகைச் சீட்டு எழுதச் சொல்கிற கூட்டத்தை இங்கேதான் பார்க்கிறேன்.

பூவரசு
கூலி பற்றி யார் பேசினார்கள்? சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்குமாவது கொடுக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் மூத்தவர் அப்படித்தான் ‘கவனித்துக்கொள்கிறேன்’ என்று வந்தார். ஆறு ஆண்டுகள். ஒரு பல்புகூட மாற்றவில்லை.

தேம்ஸ்கரை
உங்கள் மூத்தவருக்குத் தனி இழை திறக்கலாம் பூவரசு. தம்பி வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தை யூனிவர்சல் கிரெடிட்டில் அக்காவின் வருமானமாக எண்ணுவதில்லை. தாராளமாகக் கொடுக்கட்டும்.

பழையபெட்டி
கையெழுத்தைப் பற்றி ஒன்று. நாங்கள் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் ஒப்பந்தம். சண்டை. அண்ணன் தன் பாட்டில் வெளியேறும் அறிவித்தல் கொடுத்துவிட்டார். அவருடைய பங்குதான் போகும் என்று நினைத்தேன், வீடே போனது. 1991இல், அப்போது மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஹாமர்ஸ்மித் - மோங்க் வழக்கைக் காட்டினார்கள். கால எல்லை இல்லாத கூட்டு ஒப்பந்தத்தை ஒருவர் முடித்தால் எல்லோருக்கும் முடிந்ததுதான். வாடகை பாக்கி என்றாலும் முழுவதையும் எவரிடமும் கேட்கலாம். எங்கள் அம்மா கடைசிவரை கேட்டது, ‘உன் கையெழுத்து இல்லாமல் எப்படி?’

மழைக்கோட்டு
அட பாவமே.

கணக்குப்பிள்ளை
பழையபெட்டி சொன்னது சரி. இனி அந்த ‘தெருவில் நிற்கும்’ பயம். 2009 ஒப்பந்தம் என்றீர்கள். இங்கிலாந்தில் 2012 ஏப்ரல் 1க்கு முன் தொடங்கிய, கவுன்சிலின் பாதுகாக்கப்பட்ட குடியிருப்பு (secure tenancy) என்றால், அவர் இறப்பதற்கு முன் 12 மாதங்கள் தொடர்ந்து கூட வாழ்ந்த உடன்பிறப்பு அதைத் தொடரும் உரிமை பெறலாம். அதற்குப் பிந்திய ஒப்பந்தங்களில் சட்டம் அதைத் துணைவருக்கு மட்டுமே தருகிறது. அந்த உரிமை ஒரே ஒரு முறைதான். ஆகவே கேட்க வேண்டியது: அக்காவுக்கே அந்த வீடு அப்பா அம்மாவிடமிருந்து வந்ததா? ஒப்பந்தம் எப்போதாவது புதிதாக எழுதப்பட்டதா? வீட்டைத் தொடர்வதற்காக மட்டும் கூட்டு ஒப்பந்தம் போட்டால், ஒருவர் இறக்கும்போது மற்றவருக்கு வருவதே அந்த ஒரு முறையைச் செலவழித்துவிடும்.

நீங்கள் வந்து சேர்ந்ததை அக்கா யூனிவர்சல் கிரெடிட் ஜர்னலில், அதாவது இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதியில், எழுதினாரா? கவுன்சிலுக்கும் சொல்ல வேண்டும். தனி ஆளுக்கான 25 சதவீத கவுன்சில் வரித் தள்ளுபடி நின்றுவிடும். அதை மறைத்தால் பின்னால் சேர்த்து வாங்குவார்கள். படிவத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்தில் ஒருவரைப் பாருங்கள். என்னை நம்ப வேண்டியதில்லை, யாரும் நம்புவதும் இல்லை.

வெள்ளைப்புறா
நானும் கையெழுத்து வைக்காதீர்கள் என்றுதானே சொன்னேன்?

கணக்குப்பிள்ளை
தவறான காரணத்துக்காக.

அவசரத்தம்பி
கையெழுத்து வைக்கவில்லை. வீடு முதலிலிருந்தே அக்கா பெயரில்தான், 2009க்குப் பிறகு புதிதாக எழுதவும் இல்லை. ஜர்னலில் எழுதிவிட்டோம். அறை வெட்டு அடுத்த மாதத்திலிருந்து இல்லை என்று பதில் வந்திருக்கிறது. மாமா இன்னும் நம்பவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை
கவுன்சில் வரி?

கணக்குப்பிள்ளை
தம்பி?