1760 போரை அட்டாகுல்லகுல்லாவால் ஏன் தடுக்க முடியவில்லை?

கேள்வி:
வட அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கிகளின் தலைவர் அட்டாகுல்லகுல்லா 1730-லேயே லண்டன் போய் இரண்டாம் ஜார்ஜ் மன்னரைப் பார்த்தவர், கடைசிவரை ஆங்கிலேயரோடு சமாதானம் பேசியவர். அப்படியிருக்க, 1760-ல் அவருடைய ஆட்களே ஆங்கிலேயரின் லவுடன் கோட்டையை முற்றுகையிட்டது எப்படி? பேச்சு எடுபடாத தலைவரா?

பதில் 1:
"அவருடைய ஆட்கள்" என்பதில்தான் சிக்கல். செரோக்கிகளுக்கு ராஜா கிடையாது. ஊருக்கு ஊர் தனி மன்றம். சமாதானத்துக்கு ஒரு தலைவர், போருக்கு வேறொருவர். மன்றத்தில் பேசியே இணங்கவைக்க வேண்டும். இணங்காதவர் எழுந்து போகலாம், தடுக்க ஆளில்லை. 1730-ல் மோய்டாய் என்ற செரோக்கித் தலைவருக்குப் 'பேரரசர்' பட்டம் கட்டிவிட்டது கமிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பேரம் பேச ஒரே ஆள் இருந்தால் ஆங்கிலேயருக்குத்தானே வசதி!

பதில் 2:
கூடவே குலப்பழி. தாய்வழிக் குலங்கள் ஏழு. ஒருவர் கொல்லப்பட்டால் பழிதீர்ப்பது அவர் குலத்தின் கடமை. 1758-ல் ஆங்கிலேயருக்காகப் போருக்குப் போய்த் திரும்பிய செரோக்கி வீரர்களை வர்ஜீனியாக் குடியேறிகள் கொன்றார்கள், பழி தொடங்கியது. மறு ஆண்டு, சமாதானம் பேச வந்த தூதுக்குழுவையே தென் கரோலினா ஆளுநர் லிட்டில்டன் பிடித்துவைத்தார். அட்டாகுல்லகுல்லா பேசிப் போர்த்தலைவர் ஒகோனொஸ்டோட்டாவையும் சிலரையும் மீட்டார். மற்றவர்கள் ஆங்கிலேயரின் பிரின்ஸ் ஜார்ஜ் கோட்டையில் பிணைக்கைதிகள். 1760 பிப்ரவரியில் கோட்டைத் தளபதியைப் பேச்சுக்கென்று வெளியே வரவழைத்துச் சுடவைத்தார் ஒகோனொஸ்டோட்டா. உள்ளே சிப்பாய்கள் பிணைக்கைதிகளைத் தீர்த்துக்கட்டினார்கள். பிணமான ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு குலம் இருந்தது. இனி மன்றத்தில் யார் பேச்சு ஏறும்?

பதில் 3:
ஆனால் கையாலாகாதவர் என்று எழுதிவிடாதீர்கள். ஆகஸ்டில் லவுடன் கோட்டை சரணடைந்தபின் சிக்கிய கேப்டன் ஜான் ஸ்டூவர்ட்டை அவர் கட்டளையிட்டு விடுவிக்கவில்லை. பிடித்தவரிடம் தன் துப்பாக்கியையும் உடுப்புகளையும் கொடுத்து மீட்டார். பிறகு வேட்டைக்குப் போவதாகச் சொல்லி வர்ஜீனியாப் படையிடம் கொண்டுசேர்த்தார். அதிகாரம் இல்லாத தலைமை எப்படி வேலை செய்தது என்பதற்கு இதுவே சாட்சி. 1761-ல் ஆங்கிலேயத் தளபதி கிரான்ட்டின் படை 15 செரோக்கி ஊர்களை எரித்த பிறகும், நான்கு செரோக்கிகளைக் கொல்ல வேண்டும் என்ற நிபந்தனையைப் பேசியே உதிர்த்தார். மரத்துண்டுகளை இழைத்துப் பொருத்துவதுபோல உடன்படிக்கையைப் பொருத்துபவர் என்றுதான் ஆங்கிலேயர் 'சின்னத் தச்சர்' என்றார்கள்.

தேடும்போது ஒன்று: 1730 ஆவணங்களில் அவர் பெயர் ஔகனேகா, வேறு ஆள் என்று விட்டுவிடாதீர்கள்.

பதில் 1 எழுதியவர்:
அதே விதி அவர்மேலும் பாய்ந்தது. 1775-ல் சைக்கமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் ஹெண்டர்சன் என்ற நில வியாபாரிக்கு அவரும் மற்ற தலைவர்களும் நிலம் விற்றபோது முதலில் எதிர்த்தவர் மகன் டிராகிங் கனூ. பின்னர் தன்னோடு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சிக்கமாகா ஓடைப் பக்கம் போய்விட்டார். அப்பாவால் தடுக்க முடியவில்லை.