இடுப்படி முறிவு ஒப்பரேசன்: ட்ரனெக்சாமிக் அசிட் எல்லாருக்கும் போடலாமோ?

பாலைமரம்:
இடுப்படி முறிஞ்சு வாற வயதான ஆக்களுக்கு, வெட்டுறதுக்கு முதல், ரத்தப்போக்கைக் குறைக்கிற ட்ரனெக்சாமிக் அசிட் மருந்து 1 கிராம் போடுறதை வன்னி முழுக்க வழமையாக்க வேணும். 500 மில்லிகிராம் ஊசி ரெண்டை 100 மில்லி சேலைனில் கலந்து 10 நிமிசத்தில ஏத்தினால் காணும். வேகமாய்த் தள்ளினால் பிரசர் விழும். பொருந்துற ரத்தம் ஏ9 வீதியால வரும்வரை காத்திருக்க வேண்டி வாற இடம் இது.

குளக்கட்டு:
விபத்துக் காயக்காரருக்கு இந்த மருந்தைக் குடுத்துப் பார்த்த 2010 கிராஷ்-2 ஆய்வை மறந்திட்டீங்களே? காயப்பட்டு 3 மணித்தியாலத்துக்குள்ள குடுத்தால்தான் நன்மை. பிந்தினால் ரத்தப்போக்குச் சாவு கூடினது. ஒட்டுசுட்டானில விழுந்த ஆச்சி அடுத்த நாள்தான் தியேட்டருக்கு வருவா.

பாலைமரம்:
அது விபத்துக் காயத்துக்கான கணக்கு. கத்தி வைக்கேக்க அது புதுக்காயம். உறைஞ்சதைக் கரைக்கிற வேலை அப்ப திரும்பத் தொடங்கும், அதைத்தான் மருந்து மறிக்குது.

குளக்கட்டு:
சரி, ஏற்கிறன். சிறுநீரகம்? மருந்து அநேகமாய் மாறாமல் சிறுநீரோடதான் போகுது. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கேக்க, சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் முழு டோஸ் போட்டால் தேங்கி வலிப்பு வரலாம். "எல்லாருக்கும்" எண்ட சொல்லைத்தான் எதிர்க்கிறன்.

முல்லைக்கடல்:
ரெண்டுபேரும் மருந்திலயே நிக்கிறியள். தொடையின்ர மேல்பக்கத்துக்கு ரத்தத்தை மறிக்கிற இறுக்குப்பட்டி (டூர்னிக்கே) கட்ட இடமில்லை, கைதான் ரத்தத்தைக் காக்க வேணும். எலும்பில பிளேட் போடத் திறக்கேக்க, தொடையின்ர வெளிப்பக்கத்து வாஸ்டஸ் லட்டராலிஸ் தசையை நடுவால பிளக்காமல், பின்பக்கத் தடுப்புச் சவ்விலிருந்து முன்னுக்கு உயர்த்துங்கோ. சவ்வைத் துளைச்சுக் குறுக்கே வாற நாடி ஒவ்வொண்டையும் கண்டு, ரெண்டு பக்கமும் கட்டி, பிறகு வெட்டுங்கோ. கட்டாமல் அறுத்தால் நுனி சவ்வுக்குப் பின்னால இழுபட்டுப் போயிடும். தேடிக் கிண்டக் கிண்ட இன்னும் ஒழுகும். உடம்பு 36 பாகைக்குக் கீழ போனாலும் உறைதல் மந்தம்தான், ஏத்துற சேலைனைச் சூடாக்குங்கோ.

பாலைமரம்:
நாடியைக் கட்டலாம், ரீம் பண்ணின, அதாவது எலும்புக்குள்ள துளைச்ச மச்சையைக் கட்டேலாதே? எலும்புக்குள்ள நெயில் எண்ட கம்பி போடேக்க உறிஞ்சிப் போத்தலில கொஞ்சம்தான் தெரியும், மிச்சம் தொடைக்குள்ள தேங்கும். அடுத்த நாள் ஹீமோகுளோபின் விழுறது அதாலதான். கிரியேட்டினின் கூடினால் டோஸைக் குறைக்கிறதுக்குச் சம்மதம்.

குளக்கட்டு:
அப்ப எனக்கும் சம்மதம். ஆனா ஊசியைத் தியேட்டரில எங்க வைக்கிறது எண்டதையும் எழுதி வையுங்கோ. விறைக்க வைக்க முதுகில போடுற பூபிவக்கேன் ஊசி மாதிரியே இருக்கிற குப்பிகள் உண்டு. மாறி முதுகுத்தண்டுக்குள்ள போனால் வலிப்பும் சாவும்தான். மயக்க மருந்துத் தட்டில வைக்கவே கூடாது, வேற அலுமாரியில வைக்க வேணும்.