மெத்திலீன் நீலச் சாயம்: தினம் பத்து சொட்டு குடிக்கலாமா?

ஜெலுத்தோங் வாசி: 1% கரைசலில் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.5 மி.கி. பத்து சொட்டு என்றால் 5 மி.கி. ஆஸ்பத்திரியில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. ஊசியில் ஏற்றுகிறார்கள், 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 60. அதில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு ஏன் இவ்வளவு பயம்?

செந்தூல் மருந்தாளர்: கணக்கு சரி, ஒப்பீடு தப்பு. அங்கே கொடுப்பது மெத்ஹீமோகுளோபின் (ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) ஏறி உதடு நீலம் பாய்ந்தவருக்கு. ஐந்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றி, தேவைப்பட்டால் இன்னொரு முறை. தினசரி டானிக் இல்லை. சாயம் வேலை செய்ய சிவப்பணுவில் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் வேண்டும். அதைத் தருவது ஜி6பிடி நொதி. அந்த நொதி குறைந்தவருக்குப் பலன் இல்லாததோடு சிவப்பணுவும் உடையும். நம் மலேசியாவில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இதைப் பார்ப்பது சும்மா இல்லை.

ஜெலுத்தோங் வாசி: சரி, ஜி6பிடி டெஸ்ட் எடுத்துவிட்டால்?

செந்தூல் மருந்தாளர்: அடுத்து மாத்திரைப் பட்டியல். இந்தச் சாயம், மூளையில் செரடோனினைச் சிதைக்கும் எம்ஏஓ-ஏ நொதியைத் தடுக்கும். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், ஃப்ளுஆக்ஸெட்டின், வலிக்கான டிரமடால், இருமலுக்கான டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் எதுவும் இதோடு சேரக் கூடாது. செரடோனின் மிஞ்சி காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரலாம். 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது இதைத்தான்.

ஜெலுத்தோங் வாசி: அந்தக் கேஸ்கள் பெரும்பாலும் ஊசியில் கிலோவுக்கு 1 முதல் 8 மி.கி. வரை கொடுத்தவை அண்ணே. 5 மி.கி. வாய்வழிக்கு அப்படியே பொருந்தாது.

செந்தூல் மருந்தாளர்: பொருந்தும் என்று நிரூபணம் இல்லை, பாதுகாப்பு என்றும் இல்லை. அந்த மாத்திரை சாப்பிடுபவர் சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் சமையலறை அல்ல.

ஜெலுத்தோங் வாசி: அல்சைமர் ஆய்வில் தினம் 8 மி.கி. கொடுத்த குழுவும் நன்றாகவே இருந்ததே?

செந்தூல் மருந்தாளர்: சிறுநீர் நிறம் மாறுவதால் யாருக்கு மருந்து என்று தெரிந்துவிடும். அதற்காகவே ஒப்பீட்டுக் குழுவுக்கும் 8 மி.கி. கொடுத்தார்கள். சாயமே படாத குழு இல்லை, எதோடு ஒப்பிடுவது? 2016-ல் வந்த முடிவில் பெரிய அளவும் இதைவிட மேலாக வரவில்லை.

பாயான் லெப்பாஸ் மீன்காரர்: குறுக்கே ஒரு வார்த்தை. மீன் கடைப் புட்டியை வாயில் வைக்காதீர்கள். சிலவற்றில் 2% தாண்டும், அதாவது ஒரே சொட்டில் இருமடங்கு. துணிச்சாயத் தரத்தில் துத்தநாக உப்பும் கலந்து வரும்.

ஜெலுத்தோங் வாசி: புட்டியை விட்டுவிடுகிறேன், மாத்திரை விஷயமும் ஒப்பு. 8 மி.கி. வாதத்தை மட்டும் விடமாட்டேன் லா.