அறுப்பு மெஷின் எரிந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு ஆள் வருகிறார். என்ன தயார் செய்வது?

ஆத்தூர் செயின்வண்டி:
எல்லோருக்கும் வணக்கம். சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் என் ஊர். செயின் வைத்த நெல் அறுப்பு மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் டெல்டாவுக்கு ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். இந்த முறை மன்னார்குடிப் பக்கம் போன நான்காம் நாள், சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும், ஓடிக்கொண்டிருந்த வண்டி தீப்பிடித்தது. ஆபரேட்டர் குதித்துத் தப்பிவிட்டார், முழங்கையில் மட்டும் காயம். தீயணைப்பு வண்டி வயலுக்குள் இறங்க முடியாமல் ரோட்டிலேயே நின்று குழாய் இழுத்து அணைத்தார்கள். அதற்குள் எஞ்சின், கேபின், டீசல் டேங்க் எல்லாம் போய்விட்டது. முன்னால் கட்டர் மட்டும் பெயின்ட் கூட உரியாமல் நிற்கிறது, பார்த்தாலே வயிறு எரிகிறது.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார். காரணம் தெளிவாக இல்லை, தீ விபத்துகளை ஆராயும் தனி வல்லுநர் ஒருவர் சென்னையிலிருந்து வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை வருகிறாராம்.

எனக்கு இரண்டு சிக்கல். வயல்காரர் அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்திருக்கிறார், அது முளைத்து வந்துவிட்டது. வண்டியை உடனே இழுத்துப் போடச் சொல்கிறார். அவர் பக்கம் தப்பு இல்லை.

அடுத்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ராத்திரி அறுப்புக்காகப் போன வருடம் வெளியில் கொடுத்து நான்கு எல்.இ.டி. லைட் மாட்டினேன். ஃபியூஸ் கிடையாது, பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர். "அதை உருவிப் போட்டுவிடு, கரியான வண்டியில் யாருக்குத் தெரியப் போகிறது" என்கிறார் மச்சான். ஃபைனான்ஸில் இன்னும் மூன்று வருடத் தவணை பாக்கி. என்ன செய்யட்டும்?

கும்பகோணம் டீசல்:
அண்ணே, முதலில் புகை எந்தப் பக்கம் வந்தது என்று ஆபரேட்டரைக் கேளுங்கள். நான் பார்த்த வரைக்கும் இந்த வண்டிகளில் பாதிக்கு மேல் சைலன்சர் பக்கம்தான். சுமையோடு ஓடும்போது எஞ்சின் புகை வெளியேறும் வழியில் உள்ள டர்போவும் மேனிஃபோல்டும் இருக்கிற சூட்டுக்கு, அதன்மேல் அடைந்த கூளம் கருகிக் கனிந்துகொண்டே இருக்கும். காற்று பட்டதும் பிடித்துக்கொள்ளும். ஹைட்ராலிக் ஹோஸில் ஊசிமுனை ஓட்டை விழுந்து ஆயில் பீய்ச்சியிருந்தால் இன்னும் மோசம்.

பேரிங் எதையும் கழற்றிப் பார்க்காதீர்கள். நீலம் பாய்ந்திருக்கிறதே, இதுதான் காரணம் என்று யாராவது சொல்வார்கள். வெளித்தீயிலும் இரும்பு நீலமாகும். பேரிங்குக்குள் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்து ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால்தான் அது ஓடும்போதே காய்ந்து இறுகியது என்று அர்த்தம். வருகிறவருக்கு அது தெரியும். நீங்கள் கழற்றிவிட்டால் அவரால் எதுவும் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
மச்சான் பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. லைட் டப்பா நான்கும் கேபின் மேல் கருகி நிற்கும், அதற்குப் போன ஒயர் மட்டும் இருக்காது. வருகிறவரின் முதல் கேள்வியே அதுதான். அதுவரை விபத்து என்று இருந்தது, அப்புறம் மோசடி என்று பெயர் மாறிவிடும்.

அந்த ஒயரே உங்களைக் காப்பாற்றவும் கூடும். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும், அலுமினியத்துக்கு 660 போதும். ஷார்ட் ஆகி உருகிய செம்புக் கம்பியின் நுனியில் பெரும்பாலும் கடுகு போல உருண்டை நிற்கும், அதை ஒட்டிய கம்பி பழைய கனத்திலேயே இருக்கும். வெறும் தீயில் உருகியது நீளத்துக்கு இளைத்து வழிந்திருக்கும். உருண்டை இருந்தாலும் லைட் ஒயர்தான் குற்றவாளி என்று ஆகாது. வேறு இடத்தில் பிடித்த தீ மேலுறையை எரித்தாலும் ஷார்ட் ஆகும். அந்த நேரத்தில் ஒயரில் கரண்ட் இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. தீ சைலன்சர் பக்கம் தொடங்கி, ஒயர் எதிர்ப்பக்கம் போயிருந்தால் உங்களுக்கு நல்லது. ஆனால் ஒயர் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

மோட்டார் பாலிசி என்றால் எடுத்துப் படியுங்கள். தீ, வெடிப்பு, தானாகப் பற்றுதல், மின்னல் எல்லாம் ஒரே வரியில் வரும். தேய்மானமும் இயந்திரப் பழுதும் சேராது. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதனால் ஆயில், ஃபில்டர், பெல்ட், பேரிங் வாங்கிய பில், துண்டுச் சீட்டாக இருந்தாலும் தேடி எடுங்கள். மணிக்கணக்கு எழுதும் வாடகை நோட்டு மிக முக்கியம், அன்று எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில்தான் இருக்கும். தீயணைப்பு நிலைய அறிக்கைக்கு எழுதிக் கொடுங்கள், போலீஸில் புகார் கொடுத்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் வேண்டும்.

ஆபரேட்டருக்கு எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் பார்த்ததை அவரே சொல்லட்டும். பாடம் பண்ணிய பேச்சு இரண்டாவது கேள்வியிலேயே உடையும், நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

பெரம்பலூர் தம்பி:
வயல்காரர் விஷயத்துக்கு என் அனுபவம். கம்பெனிக்கு மெயில் போட்டு, எழுத்தில் சம்மதம் வராமல் நகர்த்தாதீர்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் நான்கு பக்கமும் தூரத்திலும் கிட்டத்திலும் போட்டோ எடுங்கள். செயினைப் பிடித்து இழுக்காமல் கிரேனில் தூக்குங்கள். அடியில் உருகிக் கிடக்கும் அலுமினியத்தையும் சாம்பலையும் எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதித் தனித்தனிச் சாக்கில் கட்டி வையுங்கள். முக்கியமாக ராத்திரி காவலுக்கு ஆள் போடுங்கள். எங்கள் வண்டியில் இரண்டாம் நாளே ரேடியேட்டர் பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது. பனிக்குத் தார்ப்பாய் போட்டால் மூங்கில் நட்டு மேலே கட்டுங்கள், வண்டி மேல் படக்கூடாது.

ஆத்தூர் செயின்வண்டி:
ரொம்ப நன்றி. இன்று நடந்தது: வயல்காரரிடம் உட்கார்ந்து பேசினேன். வண்டி நிற்கிற இடத்துக்கும் தீயணைப்பவர்கள் மிதித்த இடத்துக்கும் சேர்த்து 2,000 ரூபாய் கொடுத்தேன், செவ்வாய் வரை நிற்கட்டும் என்றார். மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டியாச்சு. அவர் பையன் போனில் தொடக்கத்திலேயே எடுத்த வீடியோ இருக்கிறது, சைலன்சர் பக்கம்தான் முதல் புகை தெரிகிறது. லைட் ஒயர் போனது அதற்கு எதிர்ப்பக்கம். அதுவுமில்லாமல் ஐந்தரைக்கு நல்ல வெளிச்சம், லைட் போடவே இல்லை.

கும்பகோணம் டீசல்:
வீடியோ நல்ல விஷயம். உங்களுக்கு அனுப்பிய காப்பி மட்டும் போதாது, எடுத்த போனிலேயே அப்படியே இருக்கட்டும். லைட் போடவில்லை என்பதை மட்டும் பெரிதாகச் சொல்லாதீர்கள் அண்ணே. ஸ்விட்ச் கேபினில்தானே? பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வரை ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும்.

ஆத்தூர் செயின்வண்டி:
ஆமாம், கேபினில்தான். ஒயர் போன வழியை ஒரு தாளில் வரைந்து வைத்துவிட்டேன், ஃபியூஸ் இல்லை என்றும் அதிலேயே எழுதிவிட்டேன். மச்சான் இன்னும் பேசவில்லை.