அடிமைகள் தப்பிய பாதை: பள்ளி நாடகத்துக்கு விவரம் வேண்டும்

அம்மாப்பேட்டை டீச்சர்:
சேலத்தில் எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆண்டு விழாவில், அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி மற்றவர்களையும் மீட்ட ஹாரியட் டப்மன் பற்றி நாடகம் போடுகிறோம். கொடியில் காயும் போர்வையின் தையலில் ரகசியக் குறி பார்த்து வழி கண்டுபிடிப்பதாக ஒரு காட்சி. உண்மையில் அப்படி நடந்ததா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யாரை நம்பிப் போனார்கள்?

சேர்வராயன்:
போர்வைக் காட்சி வேண்டாம் டீச்சர். தப்பி வந்தவர்கள் சொன்ன விவரங்களில் அதற்குச் சான்று கிடையாது. டப்மன் 1849இல் மேரிலாந்திலிருந்து தப்பி, அப்புறம் சுமார் 13 முறை திரும்பப் போய் ஏறக்குறைய 70 பேரைக் கூட்டி வந்தவர். பெரும்பாலும் சனிக்கிழமை இரவில் கிளப்புவார். ஓடியவர்களைத் தேடும் விளம்பரம் திங்கட்கிழமைதான் பத்திரிகைக்குப் போகும். அந்த ஒரு நாள்தான் உயிர்! இதைக் காட்சியாக வையுங்கள்.

நம்பியது ஆட்களைத்தான். வில்மிங்டனில் தாமஸ் காரெட் போன்ற குவேக்கர்கள் (அடிமைமுறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) உதவினார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாரத்தைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்களே. பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் என்பவர் வந்தவர்களிடமெல்லாம் பெயர், ஊர், விட்டுவந்த சொந்தங்கள் என்று விசாரித்து எழுதி வைத்தார். 1850இல் ஒருவர் வந்து, சிறுவயதில் பிரிந்த தாயைத் தேடுவதாகச் சொல்கிறார். பெற்றோர் பெயர் லெவின், சிட்னி என்கிறார். அது ஸ்டில்லின் அப்பா அம்மா பெயர். எதிரில் உட்கார்ந்திருந்தது தான் பார்த்தே இராத சொந்த அண்ணன் பீட்டர்! சிக்கினால் ஆபத்து என்று தெரிந்தும் அந்தக் குறிப்புகளை ஒளித்துக் காப்பாற்றி, 1872இல் புத்தகமாகவே போட்டார்.

காப்பித்தோட்டம்:
நான் ஏற்காடு. தப்பியவர்கள் வடக்குத் திசை அறியப் பார்த்த துருவ நட்சத்திரத்தை மேடையில் உயரமாகத் தொங்கவிடுங்கள். இங்கே அது அடிவானத்துக்கு மேல் சுமார் 12 பாகைதான் வரும், சில்வர் ஓக் மரமே மறைத்துவிடும். மேரிலாந்தில் 38, 39 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே போகப் போக இன்னும் ஏறும்.

அம்மாப்பேட்டை டீச்சர்:
நன்றி. போர்வை போகட்டும், ஸ்டில் காட்சியை எழுதப்போகிறேன். பீட்டர் அம்மாவைப் பார்த்தாரா?

சேர்வராயன்:
பார்த்தார், நியூ ஜெர்சியில். ஆனால் மனைவியும் பிள்ளைகளும் அலபாமாவில் அடிமைகளாகவே இருந்தார்கள். சேத் காங்க்லின் என்ற வெள்ளைக்காரர் 1851இல் அவர்களை ரகசியமாக இந்தியானா வரை கொண்டுவந்துவிட்டார். அங்கே பிடிபட்டார்கள். திரும்பக் கொண்டுபோகும் வழியில் காங்க்லின் இறந்துபோனார். பீட்டர் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டி, 1854இல் 5,000 டாலர் கொடுத்துத்தான் குடும்பத்தை மீட்டார். காங்க்லின் பெயரையும் நாடகத்தில் யாராவது ஒரு பிள்ளை சொல்லட்டும், டீச்சர்.