ஹாங்கோவில் ரஷ்யர்களுக்கு என்ன வேலை?

கேள்வி: கடலிலிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் உள்ளே, சீனாவின் யாங்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஹாங்கோ 1861-ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. ஆங்கிலேயர் நுழைந்தது புரிகிறது, ரஷ்யர்கள் ஏன் அங்கே போய் ஆலை கட்டினார்கள்?

பதில்: தேயிலைதான், வேறென்ன! அதிலும் செங்கல் தேயிலை. தேயிலைத் தூளை ஆவியில் இளக்கி, அச்சில் கொட்டி, இயந்திரத்தால் அழுத்திக் காயவைத்தால் பலகை மாதிரி இறுகிவிடும், வடசீனத் துறைமுகமான தியான்ஜின் வரை கப்பலில் போய் அப்புறம் மங்கோலியா வழியாக ஒட்டகத்தில் குலுங்கிக்கொண்டு ரஷ்ய எல்லை ஊரான கியாக்தா சேர்ந்தாலும் உதிராது.

பதில்: இன்னொன்று, ஆங்கிலேயர் அசாம், இலங்கைத் தேயிலைக்கு மாறியதும் ரஷ்யர்கள் கைதான் அங்கே ஓங்கியது.

கேள்வி கேட்டவர்: சரி, அப்புறம் இந்தத் தேயிலை வணிகம் ஏன் படுத்தது?

பதில்: ரஷ்யாவில் 1917 புரட்சி. வாங்க ஆளில்லை.